போர் போடுறதுக்கு முன்னாடி ஓம் விதி: ஜியோபிசிக்ஸ் லேப்ல நமக்கு என்ன வேலை?



இன்டர்ன்ஷிப் சீசன் வந்துட்டா ஹாஸ்டல்ல காதில் விழுற வார்த்தைகள் நாலே நாலுதான்: ஏஐ, விஎல்எஸ்ஐ, இவி, ஃபுல் ஸ்டாக். நாலுமே நல்ல துறைகள், அதுல சண்டை இல்லை. ஆனா நம்ம லிஸ்ட்லயே வராத ஒரு லேப் இருக்கு. இஇஇ, இசிஇ, சிஎஸ்இ, சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் என்று எல்லாருக்கும் அங்கே வேலை இருக்கு. விண்ணப்பிக்கணும் என்றுதான் நம்மில் யாருக்கும் தோணுறதில்லை. ஜியோபிசிக்ஸ் லேப், அதாவது புவி இயற்பியல் ஆய்வகம்.

வயிற்றைக் கிழிக்காம டாக்டர் ஸ்கேன் எடுக்கிறார் இல்லையா? அதே மாதிரி பூமியைத் தோண்டாம, மேலே நின்றபடியே அளந்து, உள்ளே என்ன இருக்கு என்று கணிக்கிறதுதான் இந்தத் துறை. கரண்ட் அனுப்பி அளக்கலாம், அதிர்வு கொடுத்து அளக்கலாம், காந்தப்புலத்தை அளக்கலாம், ரேடியோ அலை அனுப்பி அளக்கலாம். இதில் ஒரே ஒரு முறையை மட்டும் இந்தக் கட்டுரையில் முழுசா கத்துக்குவோம். அப்புறம் இந்த மாதிரி லேப்களுக்குள் ஒரு மாணவர் எப்படிப் போகலாம் என்று பார்ப்போம்.

நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்?

சிவகங்கை மாவட்டத்தின் நிலம் ஒரே மாதிரி கிடையாது. மேற்குப் பக்கம் கடினப் பாறை. அங்கே தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும், மேலே சிதைந்து கிடக்கிற பகுதியிலும்தான் நிற்கும். காரைக்குடி பக்கம் வந்தா செம்புராங்கல், அதற்குக் கீழே மணற்கல், நடுநடுவே களிமண். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி இங்கே பெருமை பேசாத ஆளே கிடையாது. அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்பது இந்த மணற்கல் அடுக்குகள்தான்.

ஒருத்தர் தோட்டத்தில் போர் இறங்கி, பக்கத்துத் தோட்டத்தில் காற்று மட்டும் வருகிற கதை உங்க ஊரிலும் இருக்கும். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வச்சு நடப்பார், இல்லைன்னா வேப்பங்குச்சியைப் பிடிச்சுக்கிட்டு நடப்பார். அவர் காட்டுற இடத்தில் ரிக் வண்டி நிற்கும். அடிக் கணக்கில் காசு, கேசிங் பைப்புக்குத் தனிக் காசு. தண்ணி வரலைன்னாலும் வண்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் ஆகணும். அந்தக் காசு பல வீடுகளில் அடகு வச்ச நகை.

இந்த இடத்தில் ஒரு இன்ஜினியரிங் மாணவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், முதல் செமஸ்டரில் படிச்ச ஓம் விதியில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

பாடம் 1: நாலு கம்பி, ஒரு கோடு

நிலத்தில் நாலு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் அடிங்க. வெளியே இருக்கிற ரெண்டு கம்பி வழியாக கரண்ட் அனுப்புங்க. உள்ளே இருக்கிற ரெண்டு கம்பிக்கு நடுவில் வோல்டேஜ் அளங்க. இதுக்குப் பேர் வென்னர் அமைப்பு. அமெரிக்காவின் ஃப்ராங்க் வென்னர் 1915-ல் வெளியிட்ட முறை. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, 1912 வாக்கில், ஃபிரான்ஸில் கான்ராட் ஷ்லம்பர்ஜே என்பவர் இதே மாதிரி நிலத்துக்குள் கரண்ட் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமா, அந்தப் பேர்தான். எண்ணெய்க் கிணறு வேலைக்கு ஆள் எடுக்கிற பெரிய கம்பெனியின் ஆரம்பம் இந்தச் சோதனைதான். 1927-ல் உலகின் முதல் மின்சாரக் கிணற்றுப் பதிவையும் அவங்க குழுதான் எடுத்தது.

ரெண்டு கம்பி போதாதா, எதுக்கு நாலு? கரண்ட் போகிற கம்பி மண்ணைத் தொடுற இடத்தில் ஒரு தொடுமின்தடை இருக்கும். காய்ந்த செம்புராங்கல் தரையில் அது ரொம்ப அதிகம். அதே கம்பியில் வோல்டேஜும் அளந்தா, மண்ணை அளக்காம அந்தத் தொடுப்பைத்தான் அளப்போம். தனியா ரெண்டு கம்பி வச்சா அவற்றில் கிட்டத்தட்ட கரண்டே போகாது, அதனால் தொடுமின்தடை கணக்கில் வராது. லேப்ல சின்ன ரெசிஸ்டன்ஸை அளக்க கெல்வின் முறை படிச்சோமே, அதே ஐடியாதான். இருந்தாலும் கரண்ட் சுத்தமா போகலைன்னா வேலை நடக்காது. அதனால் ஃபீல்டுக்குப் போகிறவங்க ஒரு குடம் உப்புத்தண்ணி எடுத்துட்டுப் போய் கம்பியைச் சுத்தி ஊத்துவாங்க.

இஇஇ மக்களே, சப்ஸ்டேஷன் எர்த்திங் டிசைனுக்கு மண்ணின் மின்தடை எண் அளக்கிறீங்களே, அதுவும் இதே நாலு கம்பி முறைதான்.

பாடம் 2: கணக்கு

சூத்திரம் இது:

தோற்ற மின்தடை எண் = 2 × பை × இடைவெளி × (வோல்டேஜ் ÷ கரண்ட்)

கம்பிகளுக்கு இடையே தூரம் கூடக் கூட கரண்ட் இன்னும் ஆழமா இறங்கும். ரஃப்பா சொன்னா, இடைவெளியில் பாதி அளவு ஆழத்தை அந்த ரீடிங் பிரதிபலிக்கும். அதனால் ஒரே மையப்புள்ளியை வச்சுக்கிட்டு இடைவெளியை மட்டும் கூட்டிக்கிட்டே போனா, மேலிருந்து கீழே படிப்படியா ஸ்கேன் எடுத்த மாதிரி.

பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. கால்குலேட்டரில் நீங்களும் போட்டுப் பாருங்க:

இடைவெளி 2 மீட்டர், அளந்த மின்தடை 40 ஓம்: 503 ஓம்-மீட்டர்
இடைவெளி 10 மீட்டர், அளந்த மின்தடை 1.6 ஓம்: 101 ஓம்-மீட்டர்
இடைவெளி 20 மீட்டர், அளந்த மின்தடை 0.5 ஓம்: 63 ஓம்-மீட்டர்
இடைவெளி 40 மீட்டர், அளந்த மின்தடை 0.2 ஓம்: 50 ஓம்-மீட்டர்
இடைவெளி 80 மீட்டர், அளந்த மின்தடை 0.15 ஓம்: 75 ஓம்-மீட்டர்

முதலில் அதிகம், நடுவில் குறைவு, கடைசியில் மறுபடி ஏற்றம். மூணு அடுக்கு இருக்கு என்று அர்த்தம்: மேலே காய்ந்த மண், நடுவில் கரண்ட் எளிதாகப் போகிற ஏதோ ஒன்று, கீழே மறுபடியும் கடினமான ஒன்று. கடைசி ரீடிங்குக்கு மொத்தக் கோடு 240 மீட்டர் நீளம் வேணும் என்பதையும் கவனிங்க. காய்ந்து கிடக்கிற கண்மாய் இதுக்கு வசதியான இடம்.

பாடம் 3: ஒரே கிராஃப், ரெண்டு பூமி

நடுவில் இருக்கிற அந்த "ஏதோ ஒன்று" தண்ணி நிறைந்த மணலா? ஈரக் களிமண்ணா? உப்புத்தண்ணியா? மூணுமே கரண்டை எளிதாக விடும். களிமண்ணில் தண்ணி இருக்கும், ஆனா மோட்டார் போட்டா வெளியே வராது. உப்புத்தண்ணி வரும், பயிர் கருகும்.

சரி, மின்தடை எண் எவ்வளவு என்று துல்லியமா தெரிஞ்சா பிரிச்சுடலாமே? அங்கதான் சிக்கல். இந்த மாதிரி நடுவில் குழி விழுகிற கிராஃபில், நடு அடுக்கின் தடிமனும் மின்தடை எண்ணும் தனித்தனியா வெளியே தெரியாது. தடிமனை மின்தடை எண்ணால் வகுத்தா வருகிற விகிதம்தான் நல்லா தெரியும். 20 மீட்டர் தடிமன், 30 ஓம்-மீட்டர் அடுக்கு: விகிதம் 0.67. 10 மீட்டர் தடிமன், 15 ஓம்-மீட்டர் அடுக்கு: அதுவும் 0.67. மேலே நின்று அளக்கிற நமக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கிராஃபைத்தான் கொடுக்கும். முதலாவது நல்ல மணற்கல்லாக இருக்கலாம், ரெண்டாவது வெறும் களிமண்ணாக இருக்கலாம். ஒண்ணில் தண்ணி வரும், இன்னொண்ணில் நகை போகும்.

சாஃப்ட்வேரில் டேட்டாவைக் கொடுத்தா அது அழகான கலரில் ஒரு படம் போட்டு, பிழை ரெண்டு சதவீதம்தான் என்று சொல்லிடும். கிராஃபோடு அந்தப் படம் பொருந்துது என்பதற்குத்தான் அந்த ரெண்டு சதவீதம். பூமியோடு பொருந்துதா என்பது அதுக்குத் தெரியாது. பக்கத்துக் கிணற்றை வெட்டும்போது என்ன மண் வந்துச்சு, அந்தத் தண்ணியின் உப்பு அளவு என்ன, புவியியல் வரைபடம் என்ன சொல்லுது, வேற ஒரு முறையில் அளந்தா என்ன வருது என்று எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரெண்டு பூமியில் ஒண்ணைக் கழிக்க முடியும். சில நேரம் கழிக்கவே முடியாது. அப்போ "இந்த டேட்டாவை வச்சு சொல்ல முடியாது" என்று ரிப்போர்ட்டில் எழுதணும்.

ஜியோபிசிக்ஸ் லேப்ல ரெண்டு மாசம் இருந்தா கிடைக்கிற பெரிய படிப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். நம்ம காலேஜ் லேப்ல எக்ஸ்பெரிமெண்டுக்கு விடை முன்னாடியே தெரியும், ரீடிங்கை அதுக்கு ஏத்த மாதிரி "அட்ஜஸ்ட்" பண்ற வித்தையும் நமக்குத் தெரியும். இங்கே விடை பூமிக்குள் இருக்கு. நாம சொல்றதை நம்பி ஒருத்தர் காசு போட்டுத் தோண்டப் போறார். அட்ஜஸ்ட் பண்ண முடியாது.

நம்ம மாவட்டத்திலேயே நடந்தது

கீழடி எங்கே இருக்கு? மதுரைக்குப் பக்கம் என்று எல்லாரும் சொல்வாங்க, ஆனா அது நம்ம சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம். அங்கே எங்கே குழி போடலாம் என்று முடிவெடுக்க மாநிலத் தொல்லியல் துறை புவி இயற்பியல் உதவியைக் கேட்டது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறையும், மும்பையைச் சேர்ந்த இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனமும் இதில் பங்கெடுத்தன. ட்ரோன், காந்தமானி, தரை ஊடுருவும் ரேடார் எல்லாம் வயலில் இறங்கின.

காந்தமானிக்கும் பழைய செங்கலுக்கும் என்ன சம்பந்தம்? மண்ணில் இரும்பு ஆக்ஸைடு துகள்கள் இருக்கு. சூளையில் சுட்டு, ஆறும்போது அந்தத் துகள்கள் அப்போதைய பூமியின் காந்தப்புலத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அதனால் சுட்ட செங்கல் சுவரோ உலையோ மண்ணுக்குள் இருந்தா, மேலே காந்தப்புலத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும்.

ரேடார் இன்னும் எளிது. அலை கீழே போய்த் திரும்பி வர 40 நானோசெகண்ட் ஆச்சு என்று வைங்க. மண்ணில் அலையின் வேகம் நானோசெகண்டுக்கு 0.1 மீட்டர் என்றால் ஆழம் 2 மீட்டர். மண் ஈரமா இருந்து வேகம் 0.07 ஆகிட்டா ஆழம் 1.4 மீட்டர். பாருங்க, இங்கேயும் அதே கதைதான். மெஷின் நேரத்தை மட்டும்தான் கொடுக்கும். ஆழத்தைச் சொல்ல மண்ணைப் பற்றித் தெரிஞ்சிருக்கணும்.

இன்னொரு உள்ளூர் விஷயம், சிவகங்கை கிராஃபைட். பென்சிலில் இருக்கிற அதே பொருள், கரண்டை நல்லா கடத்தும். மண்ணுக்குள் கிராஃபைட் படிவு இருந்தா, அதன் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் வேதிச்சூழல் வேற வேற என்பதால் பூமியே ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். நாம கரண்ட் எதுவும் அனுப்பாமலே மேலே நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வரை அளக்க முடியும். எலக்ட்ரோகெமிஸ்ட்ரி படிக்கிறவங்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டின சிக்ரி நம்ம ஊரிலேயே இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க வேற யாரைத் தேடப் போறோம்?

உங்க டிபார்ட்மெண்டுக்கு என்ன வேலை?

சிஎஸ்இ, ஐடி: அளந்த டேட்டாவில் இருந்து உள்ளே இருக்கிற அடுக்கைக் கண்டுபிடிக்கிறதை இன்வெர்ஷன் என்று சொல்வாங்க. காஸ்ட் ஃபங்ஷனைக் குறைக்கிற அதே வேலை. மெஷின் லேர்னிங்கில் எல்-2 ரெகுலரைசேஷன் படிச்சீங்களே, அதன் இன்னொரு பேர் டிகோனோவ் ரெகுலரைசேஷன். பைதானில் பைஜிம்லி, சிம்பெக், அப்ஸ்பை என்று ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள் இருக்கு. முதல் ரெண்டும் இன்வெர்ஷனுக்கு, அப்ஸ்பை நிலநடுக்க டேட்டாவுக்கு.

இசிஇ: ரேடார் சிக்னல், நாய்ஸ் ஃபில்டர், சென்சார் போர்டு. நிலத்துக்கு மேலேயும் வேலை இருக்கு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனைப் பக்கமாகப் போகுது. அதனால்தான் 1963-ல் தும்பாவில் ராக்கெட் விட்டாங்க. அதே காரணத்துக்காகத்தான் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கு.

சிவில்: அஸ்திவாரம், அணை, சாலை எல்லாத்துக்கும் கீழே பாறை எவ்வளவு ஆழம் என்று தெரியணும். சுத்தியலால் ஒரு தகட்டைத் தட்டி, அதிர்வு வருகிற நேரத்தை வச்சு அதைச் சொல்லலாம்.

மெக்கானிக்கல், கெமிக்கல்: அதிர்வு, சென்சார் வடிவமைப்பு, துருப்பிடித்தல். மின்தடை எண் குறைவான மண்ணில் பைப்லைன் சீக்கிரம் அரிக்கும். அதனால் இதே நாலு கம்பி அளவீடு அங்கேயும் தேவைப்படுது.

கதவு எங்கே இருக்கு?

முதல் கதவு, நாட்டின் மூணு அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துகிற கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப். ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை, உதவித்தொகையும் உண்டு. புவி அறிவியலும் அதில் ஒரு பிரிவு, இன்ஜினியரிங் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். கோடைக்கான விண்ணப்பம் முந்தைய வருஷக் கடைசியிலேயே முடிஞ்சுடும். ஏப்ரலில் தேடினா கிடைக்காது. தீபாவளி சமயத்தில் இருந்தே அறிவிப்பைப் பாருங்க.

ரெண்டாவது, நேரடியா எழுதிக் கேட்கிறது. ஹைதராபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் புவித் தொழில்நுட்ப மையம், அண்ணா பல்கலைக்கழகப் புவியியல் துறை, பாரதிதாசன் தொலையுணர்வுத் துறை, நம்ம அழகப்பா பல்கலைக்கழகத் தொலையுணர்வுத் துறை. வடக்கே போகத் தயார் என்றால் தன்பாத், காரக்பூர், ரூர்க்கி ஐஐடிகள்.

மூணாவது, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் நிதி தருகிற மாணவர் திட்டம். கைடு வழியாக விண்ணப்பிக்கணும்.

மெயில் எப்படி எழுதணும்?

நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீங்க. ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. அவரோட ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிங்க. முழுசா புரியாது, பரவாயில்லை. படங்களையும் முடிவுரையையும் மட்டுமாவது படிச்சு, மனசில் வருகிற ஒரு கேள்வியைக் குறிச்சு வைங்க. மெயிலில் நாலு விஷயம் போதும்:

நான் யார், எந்த வருஷம், எந்தக் காலேஜ்.
உங்க இந்தக் கட்டுரையைப் படிச்சேன், இந்த இடத்தில் எனக்கு இந்தக் கேள்வி.
எனக்கு இது தெரியும் (பைதான், சர்க்யூட், ஃபீல்டு வேலை என்று உண்மையா தெரிஞ்சதை மட்டும்).
இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை நான் வரலாம், காலேஜ் அனுமதிக் கடிதம் தருவேன்.

ஒரு பக்க ரெஸ்யூமே இணைங்க. பத்து நாள் கழிச்சு பதில் இல்லைன்னா மரியாதையா ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. அதுக்கப்புறம் அடுத்தவருக்கு எழுதுங்க. சிஜிபிஏ எட்டுக்குக் கீழேயா? ஃபெல்லோஷிப்பில் மார்க் பார்ப்பாங்க. நேரடி மெயிலில் உங்க கேள்விக்கும் மதிப்பு உண்டு.

போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டுக்கோங்க: உதவித்தொகை உண்டா, தங்க இடம் உண்டா, டேட்டாவை என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பயன்படுத்தலாமா? பல லேப்களில் உதவித்தொகை கிடையாது. வீட்டில் காசு கேட்கிற நிலை என்றால் திருச்சி, திருநெல்வேலி மாதிரி பக்கத்து ஊரை முதலில் பாருங்க. இன்னொன்று, காசு கட்டினா ஒரு வாரத்தில் "ரிசர்ச் இன்டர்ன்" என்று சர்டிபிகேட் தர்றோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் நம்பாதீங்க. உண்மையான லேப் ஒரு மாசம் உங்களை வெயிலில் கம்பி அடிக்க வைக்கும். அடுத்த மாசம் எக்செல் ஷீட்டைச் சுத்தம் பண்ண வைக்கும். நிறைய நாள் போரடிக்கும் என்பதையும் சொல்லிடுறேன்.

இப்பவே என்ன செய்யலாம்?

யாரும் பதில் போடலைன்னாலும் ஒரு ஆராய்ச்சியை காலேஜிலேயே ஆரம்பிக்கலாம். இஇஇ லேப்ல நாலு முனை எர்த் டெஸ்டர் இருக்கும். நாலு கம்பி, ஒரு சுத்தியல், ஒரு அளவு டேப், ஒரு பாட்டில் உப்புத்தண்ணி. லேப் இன்சார்ஜ் சாரிடமோ மேடமிடமோ அனுமதி வாங்குங்க. நிலத்துக்கு அடியில் கேபிளோ பைப்போ போகாத இடமா என்று கேட்டுக்கோங்க. இடி மின்னல் நாளில் வேண்டாம். கிரவுண்டில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து 1, 2, 4, 8 மீட்டர் இடைவெளியில் ரீடிங் எடுங்க. கம்பி அடிச்ச இடங்களில் பெயிண்ட் அடிச்ச கல் ஒண்ணு பதிச்சு வைங்க.

கேள்வி இதுதான்: வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும் நம்ம செம்புராங்கல் தரையில் அந்த நாலு எண்களும் எவ்வளவு மாறும்? எந்த ஆழம் வரை மாறும்? நம்ம கிரவுண்டுக்கான விடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நீங்க அளந்தா நமக்கு இருக்கும். அந்த ரெண்டு கிராஃபையும் இணைச்சு மெயில் அனுப்பினா, எந்தப் பேராசிரியரும் அதைப் படிக்காம அழிக்க மாட்டார் என்று நம்புறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. ஜூனியர்ஸ் யாராவது ரெடின்னா சொல்லுங்க, முதல் ரீடிங்குக்கு கம்பி பிடிக்க நானும் வர்றேன்.